ஒரே பெயரில் இரண்டு

காலை ஒன்பதே காலுக்குக் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்ததுமே திரையின் வலது மூலையில் ஒரு மஞ்சள் பெட்டி எழும்பி வந்து நின்றது. அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக ரிப்போர்ட் அடிப்பவள் அவள். வாசலில் டோக்கன் கொடுக்கிற பெண்ணிலிருந்து ஆஸ்பத்திரி நர்ஸுகள் வரை எல்லாருக்கும் அவள் ‘ரிப்போர்ட் அக்கா’. எந்த எண்ணையும் இரண்டு தடவை, திரையில் விரல் வைத்துப் படித்த பிறகுதான் அனுப்புவாள். அவள் கண்ணுக்குத் தப்பின புள்ளி கிடையாது என்று ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள்.

பெட்டியில் இருந்ததையும் அப்படித்தான் படித்தாள். தினமும் அவள் திறக்கிற பிரவுசரின் பெயர் அதில் இருந்தது. ‘இந்த ஃபைலைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. இது தொடர்ந்து இயங்க அனுமதிக்கலாமா?’ கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘அனுமதி’, இன்னொன்றில் ‘தடு’.

வைரஸ் பிடிக்கிற மென்பொருளுக்கே தெரியாததை அவளிடம் கேட்டால் அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? இருபத்து மூன்று ரிப்போர்ட்டுகள் அனுப்பக் காத்திருந்தன. எல்லாம் அந்தப் பிரவுசர் வழியாகத்தான் ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டும். கூடத்தை நடத்துகிற டாக்டரம்மா வெளியூரில் ஒரு மாநாட்டில் இருந்தார். போன் சாயங்காலம் வரை அணைந்திருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். ‘சந்தேகம்னா நிறுத்திடு, அப்புறம் பாத்துக்கலாம்’ என்பது அவர் எப்போதும் சொல்கிற வார்த்தை. நிறுத்துவது சரி, அறுவை சிகிச்சைக்காகப் பட்டினியாகப் படுத்திருக்கிறவர்களை யார் பார்த்துக்கொள்வது?

தன் அக்கா மகளுக்குப் போன் போட்டாள். அவள் வேறு ஊரில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறாள்.

“சித்தி, மீட்டிங் ஆரம்பிக்கப் போகுது. சுருக்கமா சொல்லுங்க.”

சுருக்கமாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை. பெட்டியில் இருந்ததை எழுத்து விடாமல் படித்துக் காட்டினாள்.

“சரி, டாஸ்க் மேனேஜரைத் திறங்க. என்னென்ன ஓடிக்கிட்டிருக்குன்னு ஒரு லிஸ்ட் வரும். அதுல பிரவுசர் பேரு இருக்கா?”

“இருக்கு.” எண்ணினாள். மறுபடி எண்ணினாள். “பதினாலு இருக்குடி.”

“இருக்கட்டும்.”

“பதினாலுடி. நான் ஒன்னுதானே திறந்தேன்?”

“அது அப்படித்தான் சித்தி. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா ஒன்னு ஓடும். அதுக்காகப் பயப்பட வேண்டாம். அந்தப் பேரு மேல ரைட் கிளிக் பண்ணி, ஃபைல் எங்க இருக்குன்னு பாருங்க.”

பார்த்தாள். ஒரு ஃபோல்டர் திறந்தது. அதற்குள் அந்த ஃபைல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, எப்போதும் புரோகிராம்கள் எல்லாம் இருக்கிற பொது ஃபோல்டரையும் திறந்தாள். அங்கேயும் அதே ஃபைல். அதே பெயர், அதே வட்டப் படம். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

“ரெண்டு இடத்துல இருக்கு,” என்றாள்.

“எங்கெங்க இருக்கு?”

“ஒன்னு பொது ஃபோல்டர்ல. இப்ப ஓடுறது, என் பேருல ஒரு ஃபோல்டர் இருக்கே, அதுக்குள்ள.”

“அது ஒன்னும் தப்பில்ல. உங்க டாக்டரம்மா வெச்சிருக்கற அட்மின் பாஸ்வேர்டு இல்லாம ஒரு புரோகிராமைப் போட்டா அது அங்கதான் போய் உக்காரும். ஆனா வைரஸும் அங்கதான் போய் உக்காரும்.”

“இது எதுடி?”

“அதைத்தான் பாக்கணும். ப்ராப்பர்ட்டீஸ் போங்க. கையெழுத்துன்னு ஒரு பக்கம் இருக்கும், டிஜிட்டல் சிக்னேச்சர். கம்பெனி பேரு இருக்கா?”

இரண்டிலும் இருந்தது. ஒன்றில் இல்லாமல் போயிருந்தாலாவது மனசுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அக்கா மகள் அவசரமாக ஒரு இணையதளத்தின் பெயரைச் சொன்னாள். அங்கே ஃபைலை ஏற்றினால் எழுபது வைரஸ் பிடிப்பான்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லுமாம். “பாத்துட்டு மெசேஜ் போடுங்க, உள்ள கூப்பிடுறாங்க,” என்று வைத்துவிட்டாள்.

இணையதளத்தைத் திறக்க வேண்டுமென்றால் பிரவுசர் வேண்டும். சந்தேகத்துக்கு ஆளான ஆளையே அனுப்பி, அவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வரச் சொல்வது போல அவளுக்கு அது பட்டது. இரண்டில் எதை அனுப்புவது? நெடுநாள் பழக்கம் என்று பொது ஃபோல்டரில் இருந்த பழையதை நம்பி அதைத் திறந்தாள். அது முக்கி முனகி, பாதி எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிய, ஒருவழியாக அந்தப் பக்கத்தைக் காட்டியது. தன் பெயரிலிருந்த ஃபைலை ஏற்றினாள்.

எழுபது பேரில் அறுபத்தெட்டுப் பேர் ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டு பேர் கெட்டது என்றார்கள். அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு வியாதியின் பெயரைச் சொன்னார்கள்.

அதற்குள் மேஜைப் போன் அலறியது. ஆஸ்பத்திரி வார்டு நர்ஸ். “ரிப்போர்ட் அக்கா, பதினோரு மணி ஆப்பரேஷன் கேஸுக்கு ரத்தம் உறையும் நேரம் இன்னும் வரல. சர்ஜன் கத்துறாரு.”

“கம்ப்யூட்டர் மேல ஒரு சந்தேகம். போன்லயே சொல்றேன், எழுதிக்கிறியா? எழுதினதை எனக்குத் திரும்பப் படிச்சுக் காட்டணும்.”

“சந்தேகமா? ஏன், நேத்து வந்ததெல்லாம் சரிதானே?”

இந்தக் கேள்விதான் அவளை உலுக்கிவிட்டது. நேற்று போனவை சரியா? முந்தாநாள் போனவை? அந்த ஃபைல் எத்தனை நாளாக அங்கே உட்கார்ந்திருக்கிறது? வழியில் எண்களை யாராவது மாற்றியிருந்தால்? எத்தனை பேருடைய சர்க்கரையும் உப்பும் அவள் கைவழியாகப் போயிருக்கின்றன. நர்ஸுக்கு எண்களைச் சொல்லி, திரும்பக் கேட்டு, “புள்ளிக்குப் பக்கத்துல நாலு, பதினாலு இல்ல” என்று திருத்திவிட்டுப் போனை வைத்தாள். அவசரமான மற்ற ஐந்தையும் அதே மாதிரி போனிலேயே சொல்லி முடித்தாள்.

பிறகு தேதியைப் பார்த்தாள். ஃபைலின் தேதி நேற்று. ஆனால் அது இருந்த ஃபோல்டர் உண்டான தேதி இரண்டு வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, மதியம் ஒன்று பத்து. நேற்றைய ஃபைல் இரண்டு வாரத்துக்கு முன்னால் பிறந்த ஃபோல்டருக்குள் எப்படி வந்தது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று பத்து என்பது பிடிபட்டது. அது சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பழைய பாட்டுக் கேட்கிறவர் ஒருவர் உண்டு.

ஊசி அண்ணன் உள்ளறையில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக இதே வேலை. குத்தினதே தெரியாமல் குத்துவார் என்று பெயர். பெரியவர் வெளியே போகும்வரை அவள் கதவோரம் நின்றாள்.

“அண்ணே, ஒன்னு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“நீ இப்படி ஆரம்பிச்சாலே தப்பாத்தான் இருக்கும். கேளும்மா.”

“என் கம்ப்யூட்டர்ல நீங்க ஏதாவது போட்டீங்களா? ரெண்டு வாரம் முன்னாடி, வியாழக்கிழமை மதியம். பாட்டுக் கேக்கறதுக்காகன்னு வெச்சுக்கலாம். டாக்டரம்மாகிட்ட சொல்ல மாட்டேன்.”

அவர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். கோபம் வந்தால் அவர் சத்தம் போட மாட்டார், பேச்சு மெதுவாகிவிடும். “நான் பாட்டுக் கேப்பேன். ஏற்கெனவே இருக்கறதுல கேப்பேன். எதையும் கொண்டாந்து போடத் தெரியாது எனக்கு.”

“வேற யாரும் அங்க உக்கார மாட்டாங்களே அண்ணே.”

“அந்த வியாழக்கிழமை நானும் உக்காரல.”

“எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க? ரெண்டு வாரம் ஆச்சு.”

அவர் அடுத்த ஆளுக்கான குப்பியில் சீட்டு ஒட்டினார். கோணலாகப் போய்விட்டது, பிய்த்து மறுபடி ஒட்டினார். “நீ எழுந்திருக்கவே இல்லம்மா அன்னைக்கு. சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கல. ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டேன்.”

தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அந்த வியாழக்கிழமையை அவள் மறக்கவில்லை. ஒதுக்கித்தான் வைத்திருந்தாள். அவள் கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. முதுகுவலி என்று சொல்லிக்கொண்டே திரிந்தவரை நச்சரித்து அழைத்து வந்து ரத்தம் கொடுக்க வைத்தவள் அவள்தான். மறுநாள், அந்த வியாழக்கிழமை காலை, மற்றவர்களுடையதைப் போலவே அவருடையதையும் அவளே அடித்தாள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின், ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது, இரண்டு புள்ளி நான்கு. மூன்று தடவை படித்தாள், விரல் வைத்து. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு, ‘மறுபடி எடுத்துப் பார்க்கவும்’ என்று எழுதிக் கொடுத்தார். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அந்த எண்ணை இணையத்தில் போட்டுத் தேடினாள். பக்கம் பக்கமாகத் தேடினாள். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தைவிட மோசமானதைச் சொன்னது. நடுவில் ஒரு பக்கம் பாதி திறந்து நின்றுகொண்டு, ‘உங்கள் பிரவுசர் மிகப் பழையது, புதியதைப் போட இங்கே அழுத்தவும்’ என்றது. அழுத்தினாள். அடுத்து என்னவோ கேட்டது. அதற்கும் சரி என்று அழுத்தினாள். அடுத்த பக்கம் திறந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

எண்ணில் புள்ளியைத் தேடுகிறவள் அன்றைக்கு ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை.

டவுன்லோடு பட்டியலைத் திறந்தாள். இருந்தது. வியாழக்கிழமை, ஒன்று எட்டு.

எழுந்து மறுபடி உள்ளறைக்குப் போனாள். “அண்ணே, நான்தான் போட்டிருக்கேன்.”

“ம்.”

“உங்களைப் போய்க் கேட்டுட்டேன்.”

“கேட்டா கேட்டுட்டுப் போ.” ஒரு குப்பியை எடுத்து ஓரமாக வைத்தார். “உன் வீட்டுக்காரருக்குச் சொல்லியாச்சா?”

அண்ணனைப் பார்க்காமல் குப்பிகளைப் பார்த்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மெஷின்ல வெச்சது யாரு? ரெண்டு தடவை வெச்சேன், மெஷின்தான் தப்பா சொல்லுதோன்னு. மறுபடி ரத்தம் எடுக்க நீ அவரைக் கூட்டிட்டு வருவன்னு தினமும் வாசலைப் பாத்துக்கிட்டிருந்தேன். நீயா சொல்லாம நான் எப்படிம்மா கேக்கறது?”

அவள் கணவரிடம் சொன்னது வேறு. மெஷின் பழுது, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லியிருந்தாள். அவரும் அப்புறம் கேட்கவில்லை. அச்சடித்த தாள் மேஜையின் கீழ் இழுப்பறையில், பேனா மைப் புட்டிகளுக்கு அடியில் மடித்துக் கிடந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நாள் தோன்றியது. மறுநாளும் அதுவே தோன்றியது.

அவள் போன் செய்து வரச் சொல்லியிருந்த கம்ப்யூட்டர்காரர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டுத் தன் லேப்டாப்பைத் திறந்தார். அதிகம் பேசாத மனிதர். அவள் ஒன்பதே காலிலிருந்து ஆரம்பித்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, ‘ம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து அதே பிரவுசரைத் தன் லேப்டாப்பில் புதிதாக இறக்கினார்.

“ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு நீள எண் உண்டு. உள்ள ஒரு எழுத்து மாறினாலும் அது மொத்தமா மாறிடும். என்கிட்ட இருக்கறதும் உங்ககிட்ட இருக்கறதும் ஒன்னான்னு பாக்கலாம். கம்ப்யூட்டரே ஒப்பிட்டுச் சொல்லிடும்.”

“வேண்டாம். இந்தக் கம்ப்யூட்டரைத்தானே சந்தேகப்படுறோம்? நீங்க படிங்க, நான் பாக்கறேன்.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு படிக்க ஆரம்பித்தார். எண்ணும் எழுத்தும் கலந்த அறுபத்து நான்கு. அவள் திரையில் விரலை நகர்த்திக்கொண்டே போனாள். நாற்பதாவது எழுத்தருகே வந்தபோது, “நில்லுங்க, அது ஆறா எட்டா?” என்று கேட்டு நிறுத்தினாள். எட்டு. இங்கேயும் எட்டு. கடைசி எழுத்துவரை ஒன்றாகவே இருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவர் முகத்தைச் சுளிக்காமல் படித்தார்.

“அப்ப இது நல்லதா?”

“நல்லது. நீங்க அழுத்தினது நல்ல பக்கமா அமைஞ்சுபோச்சு. எல்லா நேரமும் அமையாது.”

“அப்புறம் ஏன் தெரியாத ஃபைல்னு கேட்டுச்சு?”

“நேத்துதான் அது தன்னைத்தானே புதுப்பிச்சிருக்கு. புது வெர்ஷனை இன்னும் அதிகம் பேர் ஓட்டல. அதனால தெரியலன்னு சொல்லுது.”

“கெட்டதுன்னு சொன்ன அந்த ரெண்டு பேரு?”

“புதுசைக் கண்டா சிலது குரைக்கும். நாலு நாள்ல அடங்கிடும்.” பொது ஃபோல்டரில் இருந்த பழையதைச் சுட்டினார். “எடுத்துப் போட வேண்டியது இதைத்தான். நாலு வருஷமா யாரும் புதுப்பிக்கல. எத்தனை ஓட்டை இருக்கோ. டாக்டரம்மா பாஸ்வேர்டு குடுத்ததும் சாயங்காலம் நானே எடுத்துடறேன்.”

காலையில் நம்பித் திறந்தது பழையதைத்தான் என்று அவள் அவரிடம் சொல்லவில்லை. சந்தேகப்பட்டது நல்லது, நம்பினது ஆபத்து, ஊசி அண்ணன் குற்றவாளி இல்லை, குற்றவாளி அவளே, ஆனால் குற்றமே நடக்கவில்லை. எதை எதோடு சேர்த்து வைப்பது என்று தெரியாமல் ‘அனுமதி’யை அழுத்தினாள். மஞ்சள் பெட்டி ஒன்றும் நடக்காதது போல மறைந்தது.

எல்லா ரிப்போர்ட்டுகளும் முறையாகப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் நின்று கணவரை அழைத்தாள்.

“எங்க இருக்கீங்க?”

“ஒம்பதாவது மாடி லிஃப்ட் கதவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டிருக்கேன். என்ன?”

“தலையை வெளிய எடுங்க. வேலையை முடிச்சுட்டு இங்க வாங்க. மறுபடி ரத்தம் எடுக்கணும்.”

மூன்றரைக்குக் கருவிப் பையோடும் கையில் கிரீஸோடும் வந்தார். ஊசி அண்ணன் அவர் முழங்கையைத் துடைத்துத் துடைத்து, பஞ்சு கறுத்துக்கொண்டே வர, நாலு பஞ்சு செலவழித்தார். அரை மணி நேரத்தில் மெஷின் எண்ணைச் சொன்னது. இரண்டு புள்ளி மூன்று.

அவள் அதை அடித்து, அச்செடுத்து, இழுப்பறையில் கிடந்த பழைய தாளையும் சேர்த்துக் கணவர் மடியில் வைத்தாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எண்ணைவிடத் தேதியைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“இது ரெண்டு வாரம் முந்தினது.”

“ஆமா.”

“மெஷின் ரிப்பேர்னு சொன்ன?”

“சொன்னேன்.”

“ஏன்?”

“தெரியலங்க.”

அவர் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று வீட்டில் பேச்சில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை, “அந்தச் சிறுநீரக டாக்டர் எத்தனை மணிக்குப் பாக்கறாரு?” என்று மட்டும் கேட்டார். அவள் முன்தினமே நேரம் வாங்கி வைத்திருந்தாள்.

டாக்டர் வயதில் இளையவர். முதல் கேள்வியே, “வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்பதுதான்.

“எப்பவாவது,” என்றார் கணவர்.

“என்ன மாத்திரைன்னு தெரியுமா?”

அவர் கருவிப் பையின் ஓர ஜிப்பைத் திறந்து, ஸ்பேனர்களுக்கு நடுவிலிருந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆறு அட்டைகள். நாலு வகை. பாதிக்கு மேல் காலி. அவள் ஓர் அட்டையை எடுத்துத் திருப்பினாள்.

“இதெல்லாம் எப்ப வாங்கினீங்க?”

“ஒன்னரை வருஷமா.”

“வீட்டுல ஒன்னைக்கூட நான் பாத்ததில்லையே.”

“பாத்தா நீ படிப்ப. பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதையெல்லாம் விடாம படிப்ப.” அவர் அட்டைகளை அடுக்குவது போல நகர்த்தினார். “அதான் பையில வெச்சிருந்தேன்.”

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, எல்லா அட்டைகளையும் தன் பக்கம் இழுத்துக் குப்பைக் கூடையில் தள்ளினார். இனி இவற்றில் ஒன்றுகூடக் கூடாது என்றார். இவைதான் காரணம் என்று இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது, அப்படியிருந்தால் எண் இறங்கும், இறங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும் என்றார். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம், உப்பு எவ்வளவு, எந்த வலிக்கு எதைப் போடலாம் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

வெளியே வந்து தெரு முனைவரை இரண்டு பேரும் நடந்தார்கள். அங்கே அவர் நின்றார்.

“தண்ணியைக் கூட்டச் சொன்னாரா, குறைக்கச் சொன்னாரா?”

அவள் யோசித்தாள். “கூட்டத்தான்னு நினைக்கறேன். ஆனா கால் வீங்கினா குறைக்கணும்னு ஒன்னு சொன்னாரே.”

“எனக்கு யாரு கால்னே புரியல.”

“எனக்கும் பாதிதான் புரிஞ்சுது.”

“நீயே இப்படிச் சொன்னா?”

“அங்க எதுவும் காதுல ஏறல. அந்த ஆறு அட்டையையே பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவர் பையைத் தோள் மாற்றினார். சிரிப்புக்கு ஒரு மாற்றுக் குறைவாக என்னவோ அவர் முகத்தில் வந்து போனது. “வா, திரும்பப் போய்க் கேப்போம். எழுதி வாங்கிட்டு வருவோம்.”

திரும்பிப் போனார்கள். வரிசையில் அவர்களுக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதுகு வலிக்கிறது என்று அவர் சொன்னார், அவள் தன் கைப்பையை அவர் முதுகுக்கு அண்டை கொடுத்தாள்.

ஏழாவது வாரம் எடுத்துப் பார்த்தபோது எண் ஒன்று புள்ளி ஏழு. இன்னும் இறங்க வேண்டும், இறங்கும் என்றுதான் தோன்றுகிறது என்றார் டாக்டர். அந்த ரிப்போர்ட்டை ஊசி அண்ணன், “இதை நீ அடிக்க வேண்டாம்மா” என்று அவளை எழுந்திருக்கச் சொல்லி, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவரே அடித்தார்.